பாய்ச்சலின் கணக்கு

2021 ஜூன் மாதம் ரோம் நகரில் நடந்த செட்டே கோலி நீச்சல் போட்டியின்போது, பெங்களூருவின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 விநாடியில் நீந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதி பெறத் தேவைப்பட்ட ‘ஏ’ அளவு 53.85 விநாடி. அதற்கு முந்தைய நாள், பெங்களூருவில் பயிற்சி பெற்ற சஜன் பிரகாஷ் அதே குளத்தில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்திருந்தார். அவருக்கான ‘ஏ’ அளவு 1 நிமிடம் 56.48 விநாடி. அந்த அளவை எட்டிய முதல் இந்தியர் அவர். ஒருவருக்குக் கிடைத்த இடைவெளி 0.08 விநாடி, மற்றவருக்கு 0.10 விநாடி. பல ஆண்டு அதிகாலைப் பயிற்சியின் பலன் இவ்வளவு சிறிய காலத் துண்டுக்குள் அடங்கிவிடுகிறது. நீச்சல் வீரர் ஒருவர் தன் தொடக்க முறையை மாற்றினால் கூடவோ குறையவோ செய்யும் நேரமும் ஏறத்தாழ இதே அளவுதான். அதனால்தான் தொடக்க முறையைத் தேர்ந்தெடுப்பதைப் பழக்கத்துக்கோ, நட்சத்திர வீரர்களைப் பார்த்துச் செய்வதற்கோ விட்டுவிடக் கூடாது. ஒரு தொடக்கத்தின் தரத்தை, வீரர் நின்று பாயும் மேடையான பிளாக்கின் மேல் வைத்து அளக்க முடியாது, 15ஆவது மீட்டரில்தான் அளக்க முடியும் என்பதே இந்த அத்தியாயம் நிறுவ விரும்பும் கருத்து. அந்த அளவையும் ஒவ்வொரு வீரரும் தன் சொந்த உடலைக் கொண்டே எடுத்தாக வேண்டும்.

இப்போது நாம் காணும் தொடக்க நிலை படிப்படியாக வந்தது. 1960கள் வரை வீரர்கள் பிளாக்கின் விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் பின்னிருந்து வட்டமாகச் சுழற்றி அந்த வீச்சின் உந்துதலில் பாய்ந்தார்கள். தொடர் நீச்சலில் இரண்டாவது வீரர் முதல் கடைசி வீரர் வரை இன்றும் கை வீச்சோடு பாய்வதைப் பார்க்கலாம். குழுவின் சக வீரர் சுவரை நோக்கி வருவதைக் கண்ணால் பார்த்துக் காலத்தைக் கணிக்க முடிவதால் அவர்களுக்கு அந்த வீச்சு பயன்படுகிறது. ஒலிச் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் வீரருக்குக் கையைச் சுழற்றும் நேரம் வீண். இதைக் கவனித்த அமெரிக்கப் பயிற்சியாளர் எரிக் ஹனவர், 1960களின் பிற்பகுதியில் இரு பாதங்களையும் முன்விளிம்பில் வைத்துக் கைகளால் பிளாக்கைப் பற்றி இழுக்கும் கிராப் ஸ்டார்ட்டை அறிமுகம் செய்தார். 1970களில், ஓட்டப்பந்தய வீரரைப் போல ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைக்கும் டிராக் ஸ்டார்ட் வந்தது. இந்த இரண்டில் எது மேல் என்ற விவாதம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முடியவே இல்லை. கிராப் முறையில் இரு கால்களும் சேர்ந்து தள்ளுவதால் உந்துதல் அதிகம் கிடைத்தது. டிராக் முறையில் பிளாக்கை விட்டு விரைவாக விலக முடிந்தது. ஓர் ஆய்வு ஒன்றுக்குச் சாதகமாகச் சொன்னால் அடுத்த ஆய்வு மற்றொன்றுக்குச் சாதகமாகச் சொன்னது.

விவாதத்தின் போக்கை மாற்றியது ஒரு சாய்வுத் தகடு. ஒமேகா நிறுவனத்தின் ஓஎஸ்பி11 என்ற பிளாக் 2009, 2010 வாக்கில் சர்வதேசப் போட்டிகளுக்கு வந்தது. அதன் பின்பகுதியில் 30 பாகை சாய்வில் ஒரு தகடு உண்டு. வீரரின் உயரத்துக்கேற்ப அதை ஐந்து இடங்களில் நகர்த்திப் பொருத்தலாம். தட்டையான பரப்பில் பின்காலை அழுத்தினால் விசையின் பெரும்பகுதி மேல்நோக்கிப் போகும், கிடையாகத் தள்ள முயன்றால் பாதம் வழுக்கும். சாய்ந்த தகட்டில் பின்பாதத்தை ஊன்றி, முழங்காலை ஏறத்தாழ 90 பாகைக்கு மடக்கி வைத்தால் தள்ளும் விசை நேராக முன்னோக்கித் திரும்புகிறது. இந்த முறைக்கு கிக் ஸ்டார்ட் என்று பெயர் வந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒப்பீட்டில், உயர்நிலை வீரர்கள் டிராக் ஸ்டார்ட்டை விட கிக் ஸ்டார்ட்டில் 5 மீட்டரையும் 7.5 மீட்டரையும் முன்னதாக எட்டினார்கள். வித்தியாசம் விநாடியில் நூறில் சில பங்குதான், ஆனால் அது ஒரே திசையில் இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தத் தகடு இடம்பெற்றபோது கிராப் ஸ்டார்ட்டின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அப்படியானால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது, எல்லோரும் கிக் ஸ்டார்ட் செய்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். முதலில் எழும் மறுப்பு இதுதான், நியாயமானதும்கூட. ஆனால் கிக் ஸ்டார்ட் என்ற ஒரே பெயருக்குள் பல தொடக்கங்கள் இருக்கின்றன. எந்தக் கால் முன்னால் என்பதில் இரண்டு வாய்ப்பு. தகட்டுக்கு ஐந்து இடங்கள். ஒலி வருவதற்கு முன் உடல் எடையை முன்னால் சாய்த்து வைப்பதா, நடுவில் நிறுத்துவதா, பின்னுக்கு இழுத்து வைப்பதா என்பதில் மூன்று வாய்ப்பு. பெருக்கினால் முப்பது சேர்க்கைகள் வருகின்றன. இடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கைகள் பிளாக்கை எவ்வளவு வலுவாக இழுக்க வேண்டும் என்பவை இந்தக் கணக்கில் சேரவில்லை. கிராபா டிராக்கா என்ற பழைய கேள்வி மறைந்திருக்கலாம். அதன் அடியில் இருந்த உண்மையான கேள்வி, அதாவது விரைவாக விலகுவதா வலுவாகத் தள்ளுவதா என்ற கேள்வி, அப்படியே இருக்கிறது.

பார்வையாளர்களையும் இளம் வீரர்களையும் தவறான திசைக்கு இழுக்கும் ஓர் எண் இங்கே உண்டு. போட்டி முடிந்ததும் அறிவிப்புப் பலகையிலும் முடிவுத் தாளிலும் ‘ரியாக்ஷன் டைம்’ என்ற தலைப்பில் 0.62, 0.68 என்று சில எண்கள் வரும். ஓட்டப்பந்தயத்தில் இந்தப் பெயரில் வரும் எண் உடல் ஒலிக்குக் காட்டும் முதல் அசைவைக் குறிப்பது. அது பெரும்பாலும் 0.2 விநாடிக்கும் கீழே இருக்கும். நீச்சலில் அளக்கப்படுவது வேறு. ஒலி எழுந்ததிலிருந்து பாதம் பிளாக்கை முற்றிலும் விட்டு நீங்கும் வரையான மொத்த நேரம் அது. அதில் முதல் பகுதி மட்டும்தான் எதிர்வினை, மிச்சமெல்லாம் தள்ளும் நேரம். 0.68 காட்டியவர் 0.62 காட்டியவரை விட மெதுவாக விழித்துக்கொண்டார் என்று அந்த எண் சொல்லவில்லை. அவர் கூடுதலாக 0.06 விநாடி பிளாக்கைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தக் கூடுதல் நேரத்தில் வேகத்தைச் சம்பாதித்தாரா வீணாக்கினாரா என்பது அந்தத் தாளில் இருக்காது.

இயற்பியலில் இதை விளக்கும் விதி எளிமையானது. உடலின் மேல் ஒரு விசை எவ்வளவு நேரம் செயல்படுகிறதோ அந்த அளவுக்கு அதன் உந்தம் மாறும். பிளாக்கில் நீண்ட நேரம் வலுவாகத் தள்ளினால் பாயும் வேகம் கூடும், அதே சமயம் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். எடையை முன்னால் சாய்த்து வைத்தவர் ஒலி கேட்டதும் சரிந்து விழுவது போல விரைவாக விலகிவிடுவார், ஆனால் தள்ளுவதற்குக் கிடைக்கும் தூரம் அவருக்குக் குறைவு. பின்னால் இழுத்து வைத்தவருக்குத் தள்ளும் தூரம் அதிகம், நேரமும் அதிகம் செலவாகும். ஆகவே இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எவ்வளவு நேரத்தைக் கொடுத்து எவ்வளவு வேகத்தை வாங்குகிறோம் என்ற விகிதம்தான் முடிவைச் சொல்லும்.

அந்த விகிதத்தைத் தோராயமான எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீரர் பிளாக்கில் 0.05 விநாடி கூடுதலாக நின்று தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டரைத் தாண்டியபின் அவர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீந்துபவர் என்றால், அந்தத் தாமதம் அவருக்கு 10 செண்டிமீட்டர் இழப்பு. கூடுதலாகத் தள்ளியதால் பாயும் வேகம் விநாடிக்கு 0.2 மீட்டர் கூடியது என்றால் என்ன லாபம்? காற்றில் ஏறக்குறைய 0.35 விநாடி பறக்கையில் 7 செண்டிமீட்டர் கிடைக்கும். நீருக்குள் போனபின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால் அந்தக் கூடுதல் வேகம் சீக்கிரம் கரைந்துவிடும். கை கால்களை நீட்டி ஒடுக்கி வழுக்கிச் செல்பவருக்கு அடுத்த ஒரு விநாடியில் சுமார் 10 செண்டிமீட்டர் சேரும். மொத்த லாபம் 17, இழப்பு 10. காத்திருந்து தள்ளியது பலன் தந்தது. அதே 0.05 விநாடிக்கு 0.1 மீட்டர் வேகம் மட்டுமே கூடியிருந்தால் லாபம் 8 அல்லது 9 செண்டிமீட்டராகச் சுருங்கும். அப்போது அவர் விரைவாகக் கிளம்பியிருக்க வேண்டும். ஒரே உத்தி, ஒரே பிளாக். காலில் வலிமை உள்ளவருக்கு லாபமாக முடிவது, இன்னும் அந்த வலிமை வராதவருக்கு நட்டமாக முடிகிறது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. லாபத்தின் பெரும்பங்கு தண்ணீருக்கு மேலே கிடைத்தது அல்ல. டோர், பீஸ், பால் ஆகிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உயர்நிலை வீரர்களின் முதல் 15 மீட்டரைப் பகுத்துப் பார்த்தபோது, அந்த நேரத்தில் பிளாக்கின் மேல் செலவாவது சுமார் 11 விழுக்காடு, காற்றில் 5 விழுக்காடு, நீருக்கு அடியில் 56 விழுக்காடு, மிச்சம் மேலே வந்து நீந்துவதில் என்று கண்டார்கள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. விநாடிக்கு ஆறு மீட்டருக்கு நெருங்கிய வேகத்தில் நீரில் நுழையும் உடலை, உலகின் மிக வேகமான நீச்சல்காரரின் வேகமான சுமார் 2.4 மீட்டருக்கும் கீழே இறக்கிவிட அந்த நீருக்கு அதிக நேரம் தேவையில்லை. விரல் நுனி நுழைந்த இடத்திலேயே தலையும் இடுப்பும் பாதமும் நுழைந்தால் வேகம் மிஞ்சும். வயிறு அடித்துக்கொண்டு விழுந்தால் பிளாக்கில் வாங்கிய வேகம் அந்த நொடியிலேயே போய்விடும். நீர்ப்பரப்பை ஒட்டிச் சென்றால் அலை எழுப்புவதிலேயே ஆற்றல் கரையும். அரை மீட்டர் அளவு ஆழத்தில் சென்றால் அந்த இழப்பு குறையும். கால் உதைப்பைத் தொடங்கும் தருணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வழுக்கும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவுக்கு இறங்கும் வரை பொறுப்பது நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு முன்பே உதைத்தால் உதைக்கும் காலே தடையாகிவிடும்.

நீருக்கு அடியில் உள்ள இந்தச் செல்வத்தை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 30 மீட்டரைத் தாண்டியும் நீருக்கு அடியிலேயே டால்ஃபின் உதைப்போடு சென்றார். தங்கம் வென்ற ஜப்பானின் டைச்சி சுசுகியும் அதே உத்தியைக் கையாண்டவர்தான். உடனே விதி வந்தது. முதலில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேலே வந்தாக வேண்டும் என்றார்கள். 1998இல் அந்த எல்லை ஃப்ரீஸ்டைலுக்கும் பட்டர்ஃபிளைக்கும் வந்தது. 15 மீட்டர் என்ற அளவு ஆய்வாளர்கள் வசதிக்காக வகுத்தது என்று நினைக்க வேண்டாம். விளையாட்டின் சட்டமே தொடக்கத்தின் எல்லையாக அங்கே கோடு போட்டிருக்கிறது. பாதைக் கயிற்றில் வேறு நிறத்தில் அதற்கான அடையாளமும் இருக்கிறது.

ஸ்ரீஹரியின் போட்டியான பேக்ஸ்ட்ரோக்கில் இந்தத் தேர்வு வேறு உருவம் எடுக்கிறது. அங்கே வீரர் நீருக்குள் இருந்தபடி கைப்பிடியைப் பற்றிச் சுவரில் பாதம் ஊன்றித் தொடங்குகிறார். வழவழப்பான தொடுதகட்டில் கால் வழுக்குவது பழைய தொல்லை. சர்வதேச நீச்சல் சம்மேளனம் சாய்வான காலூன்றி ஒன்றை அனுமதித்தபின், 2016 ரியோவில் அது முதல்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. நீர்மட்டத்துக்கு 4 செண்டிமீட்டர் மேலே தொடங்கி 4 செண்டிமீட்டர் கீழே வரை அதை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாதத்திலும் ஒரு விரலாவது சுவரைத் தொட்டிருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் இடுப்பை நீருக்கு மேலே வளைத்துக் கொண்டுபோக முடியும். ஆனால் முதுகின் நெகிழ்வும் காலின் வலிமையும் போதாதவர் அதே உயரத்திலிருந்து முதுகு அடிக்க விழுவார். இங்கும் விடை சாதனத்தில் இல்லை. சாதனமும் உடலும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு பயிற்சியாளர்களிடமிருந்து வரும். நீச்சல் அசைவே சரியாக வராத பிள்ளைக்கு நூறில் சில பங்கு விநாடியைப் பற்றி என்ன கவலை என்பார்கள். இதில் உண்மை உண்டு. டோக்கியோவில் ஸ்ரீஹரி நீந்திய நேரம் 54.31 விநாடி, ரோமில் அவரே நீந்தியதைவிட 0.54 விநாடி அதிகம். எந்தத் தொடக்க முறையும் அந்த அளவு வேறுபாட்டை ஈடுகட்டாது. 1500 மீட்டர் நீச்சலில் முதல் 15 மீட்டர் நூறில் ஒரு பங்கு. அங்கே தொடக்கத்துக்காக வாரக்கணக்கில் செலவிடுவது வீண். ஆனால் 50 மீட்டரில் அது பத்தில் மூன்று பங்கு. டோக்கியோவின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில், தொடக்கத்துக்குப் பெயர்போன கேலப் டிரெஸ்ஸல் 47.02 விநாடியிலும் கைல் சாமர்ஸ் 47.08 விநாடியிலும் முடித்தார்கள். இன்னொன்றும் உண்டு. நீந்தும் அசைவில் பத்தில் ஒரு விநாடியைக் குறைக்க ஓர் ஆண்டு உழைக்க வேண்டியிருக்கலாம். பொருந்தாத இடத்தில் இருக்கும் தகட்டை நகர்த்துவதற்கு நுரையீரலின் உழைப்பு எதுவும் தேவையில்லை. சிறிய லாபம்தான், ஆனால் மலிவான லாபம். மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு அருமையானதை மட்டும் தேடுவது நல்ல பயிற்சி ஆகாது.

மூன்றாவது மறுப்பு கருவிகளைப் பற்றியது. விசையை அளக்கும் பிளாக்கும் நீருக்கு அடியில் ஓடும் கேமராக்களும் நம்மிடம் இல்லையே என்பார்கள். 15ஆவது மீட்டரை அளக்க அவை தேவையில்லை. விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இன்று பல கைப்பேசிகளில் இருக்கிறது. அதில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.004 விநாடி. சாதாரண 30 பட வேகத்தில் அந்த இடைவெளி 0.033 விநாடி, நாம் தேடும் வேறுபாடே 0.04 அளவில் இருப்பதால் அது போதாது. 15 மீட்டர் அடையாளத்துக்கு நேர் எதிரே ஒரு கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, ஒலி எழும்போதே எரியும் ஒரு விளக்கு படத்தில் தெரியும்படி வைத்து, தலை அந்தக் கோட்டைக் கடக்கும் படத்தை எண்ணினால் போதும். ஒரே வீரரின் அடுத்தடுத்த பாய்ச்சல்களே நூறில் சில பங்கு வேறுபடும் என்பதால் ஒரு முறை பார்த்து முடிவு சொல்லக் கூடாது. இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றி, இடையில் போதிய ஓய்வு கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஆறேழு பாய்ச்சல்களாவது எடுத்துச் சராசரி காண வேண்டும். முப்பது சேர்க்கைகளையும் சோதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் முன்கால், பிறகு தகட்டின் இடம், கடைசியாக எடையின் நிலை என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிவு செய்தால் பத்துச் சோதனைகளில் விடை கிடைத்துவிடும்.

இந்தச் சோதனைக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு வேறொன்று. பழகிய முறை சோதனையில் எப்போதும் வெல்லும். புதியது தன் உண்மையான திறனைக் காட்டுவதற்குள் நிராகரிக்கப்படும். கிராப், டிராக் ஆய்வுகள் முப்பது ஆண்டுகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வீரர்கள் எதில் தேர்ந்திருந்தார்களோ அதுவே பல நேரங்களில் முன்னே வந்தது. இதற்கு விடை, சோதனையைக் கைவிடுவது அல்ல, நீட்டிப்பது. புதிய முறையைச் சில வாரங்கள் முறையாகப் பழக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். அதையும் பெரிய போட்டிகள் இல்லாத மாதங்களில் செய்ய வேண்டும். அப்போதும் பழையதே வென்றால் சந்தேகமில்லாமல் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூருவை முன்னிட்டு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை ஷெனாய் நகரில் நீச்சல் கற்றுப் பின்னர் பெங்களூருவில் வளர்ந்து 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நீந்திய நிஷா மில்லட் முதல், 2024 பாரிஸில் 14 வயதில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய தினிதி தேசிங்கு வரை, இந்திய நீச்சலின் முக்கியமான பெயர்களில் பல இந்த நகரத்தோடு சேர்ந்தவை. பசவனகுடி அக்வாட்டிக் சென்டரும், நிஹார் அமீனின் டால்ஃபின் அக்வாட்டிக்ஸும், 2019இல் ஆசிய வயதுப் பிரிவுப் போட்டியை நடத்திய படுகோன் - டிராவிட் மையமும் இங்கே உள்ளன. இப்படிப்பட்ட நகரத்தில் ஒரு பிள்ளை எந்தப் பிளாக்கில் பயிற்சி செய்கிறதோ அதே வகைப் பிளாக்கில் போட்டியிட வேண்டும். தகடு இல்லாத பிளாக்கில் ஆண்டு முழுவதும் பாய்ந்துவிட்டுத் தேசியப் போட்டியின் காலையில் தகட்டைச் சந்திப்பவருக்கு, அந்தத் தகடு உதவிக்குப் பதில் குழப்பத்தையே தரும். தகடில்லாத குளத்திலும் போட்டி வரக்கூடும் என்பதால் கிக் ஸ்டார்ட்டை முதன்மையாகவும் டிராக் ஸ்டார்ட்டைக் கைவசமும் வைத்திருப்பது நல்லது. ஆழத்தையும் மறக்கக் கூடாது. பிளாக் உள்ள முனையில் சுவரிலிருந்து 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. அடுக்ககக் குளத்தின் நாலடி ஆழத்தில் பாய்ச்சல் பழகக் கூடாது. தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறியக்கூடும், அந்தச் சேதம் திரும்பச் சரியாகாமலே போகலாம்.

வளரும் உடலுக்கு இந்தத் தேர்வு ஒருமுறையோடு முடிவதும் இல்லை. 13 வயதில் காலில் வலிமை குறைவாக இருக்கும்போது முன்சாய்ந்து விரைவாகக் கிளம்புவது சரியாக இருக்கலாம். 17 வயதில் அதே பிள்ளை பத்து செண்டிமீட்டர் உயர்ந்து, தொடை வலுத்து நிற்கும்போது, காத்திருந்து தள்ளுவது லாபமாக மாறியிருக்கும். தகட்டின் இடமும் மாறியிருக்கும். ஆகவே பயிற்சியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது 15 மீட்டர் சோதனையைத் திரும்ப நடத்த வேண்டும், அந்த எண்களை ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் எழுதி வைக்க வேண்டும். பிளாக்கை விட்ட நேரம் குறைந்ததற்காக ஒரு பிள்ளையைப் பாராட்டும் முன், அது 15 மீட்டரை எப்போது கடந்தது என்று பாருங்கள். அந்த எண் குறையவில்லை என்றால், தொடக்கம் முன்னேறவில்லை.